டியூ டேட் காலண்டரை வைத்துக்கொண்டு டைம்டேபிள் போடுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 31. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 8 வருஷமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) இன்டர்மீடியட் இரண்டு குரூப்பையும் சேர்த்து இரண்டு தடவை எழுதிவிட்டேன். போன டிசம்பரில் முதல் குரூப்பில் சட்டம் 47, ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் 52, டாக்ஸ் 46, காஸ்ட் 48. மொத்தம் 193. ஏழு மார்க்கில் போய்விட்டது. இரண்டாவது குரூப்பில் இரண்டு பேப்பர் 40-க்குக் கீழே. காலை 9 முதல் இரவு 7 வரை வேலை. ஃபைலிங் நாட்களில் 9 மணி ஆகிவிடும். பையனுக்கு 5 வயது. அத்தை எங்களோடுதான் இருக்கிறார். காலை 4 மணிக்கு எழுந்து 3 மணி நேரம், இரவு 2 மணி நேரம் என்று தினமும் 5 மணி நேரத்துக்கு டைம்டேபிள் போட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தினமும் எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? இந்த ஜூனிலேயே எழுதட்டுமா, இல்லை வேலையை விட்டுவிட்டு டிசம்பரில் எழுதட்டுமா? வீட்டில் "இதோடு போதும்" என்கிறார்கள். (வாசகி, திருப்பூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூனில் எழுதுங்கள். முதல் குரூப் மட்டும் எழுதுங்கள். வேலையை விட வேண்டாம்.

உங்கள் மார்க்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு பேப்பருக்குக் குறைந்தது 40, குரூப்புக்கு மொத்தம் 50 சதவீதம், அதாவது 400-க்கு 200 வேண்டும். நான்கு பேப்பரிலும் 40-ஐத் தாண்டிவிட்டீர்கள். பாடம் தெரியாதவர் யாரும் நான்கிலும் 40-ஐத் தாண்ட மாட்டார். 8 பேப்பருக்கும் சேர்த்துப் படித்து, அதில் 4 பேப்பரில் இந்த அளவுக்கு வந்திருக்கிறீர்கள். இப்போது தேவை இன்னும் 7 மார்க். பாதுகாப்புக்கு 15, 20 மார்க் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் வரை தள்ளிப் போட்டால் படித்ததில் பாதி மறந்துபோகும். சூடு ஆறுவதற்குள் எழுதுவதுதான் நல்லது.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒன்றில் வாங்கிய மார்க் மற்றதைத் தூக்கிவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். எல்லாப் பேப்பரிலும் 40 இருந்தால்தான் அந்தக் கணக்குக்கே இடம். இரண்டாவது குரூப்பில் இரண்டு பேப்பர் 40-க்குக் கீழே நிற்கும்போது, அந்த நம்பிக்கையில் 8 பேப்பரைச் சுமப்பது உங்களுக்கு ஆகாது.

இனி டைம்டேபிள். தினமும் 5 மணி நேரம் என்று போட்டது ஏன் இரண்டு வாரத்தில் உடைந்தது? உங்களுக்கு மனவுறுதி இல்லை என்று வீட்டில் யாராவது சொல்லியிருக்கலாம். நீங்களும் நம்பியிருக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு மாதத்தின் 30 நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 7-ம் தேதி டி.டி.எஸ். (பிடித்து வைத்த வருமான வரி) கட்ட வேண்டும். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம். 14-ம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் பர்ச்சேஸ் பில்லை எல்லாம் ஒத்துப் பார்த்து, பில் ஏற்றாத சப்ளையரைப் போனில் துரத்த வேண்டும். 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ம் தேதி 3பி, அதாவது ஜிஎஸ்டி கட்டி மாதக் கணக்கைத் தாக்கல் செய்வது. இந்த மாதத்துக்கு மேல், தினமும் ஒரே அளவில் 5 மணி நேரம் என்று ஓர் அட்டவணையை ஒட்டவைத்தால் அது எப்படி நிற்கும்? 20-ம் தேதி தாண்டிய உற்சாகத்தில் ஆரம்பித்திருப்பீர்கள். இரண்டு வாரம் ஓடியிருக்கும். அடுத்த 7-ம் தேதி வந்ததும் நின்றிருக்கும். அட்டெம்ப்ட் அட்டெம்ப்ட்டாக இப்படி உடைவதை, வேலை செய்துகொண்டு படிக்கும் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அதனால் "தினமும் எத்தனை மணி நேரம்" என்று கேட்க வேண்டாம். "மாதத்தில் எந்தெந்தத் தேதி என்னுடையது" என்று கேளுங்கள். சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு நாட்களைப் பங்கு போடாதீர்கள். முதலில் ஆபீஸ் டியூ டேட் காலண்டரை எடுங்கள். அதில் மிச்சமிருக்கும் இடத்தில் பாடத்தை வையுங்கள்.

உங்கள் மாதத்தை நான் மூன்று துண்டாக வெட்டுகிறேன். 21-ம் தேதி முதல் மாதக் கடைசி வரை உங்கள் நாட்கள். புதுப் பாடம், கடினமான கணக்கு எல்லாம் இந்தப் பத்து நாளில்தான். காலையில் ஒன்றே கால் மணி நேரம், மதிய இடைவேளையில் அரை மணி, இரவு படுப்பதற்கு முன் கால் மணி. மொத்தம் 2 மணி நேரம். 1 முதல் 7 வரை சம்பளப் பட்டியல், மாதக் கணக்கு முடிப்பு என்று வேலை இருக்கும். ஆனாலும் மூச்சு விடலாம். ஒன்றே கால் மணி நேரம் தேறும். 8 முதல் 20 வரை முக்கால் மணி நேரம்தான். அதில் புதிதாக எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே போட்ட கணக்கில் ஒன்றைத் திரும்பப் போடுவது, 10 அப்ஜெக்டிவ் கேள்விக்கு விடை எழுதிப் பார்ப்பது, அவ்வளவு போதும். அந்த 13 நாளும் படிப்பு நின்றுபோகாமல் இருந்தாலே பெரிய விஷயம். குற்ற உணர்வே வேண்டாம், அந்த நாட்களுக்கு அதுதான் முழு வேலை.

சனிக்கிழமை மாலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். திருப்பூரில் வாரச் சம்பளம் போடும் கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் பிரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு 5 மணி நேரம் வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை ஒரே மூச்சில் 3 மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் தூங்கும்போதோ அவன் அப்பாவோடு வெளியே போகும்போதோ 2 மணி நேரம். மீதி ஞாயிறு குடும்பத்துக்கு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத்துக்குச் சுமார் 50 மணி நேரம் வருகிறது. உங்கள் பழைய டைம்டேபிள் 150 மணி என்று காட்டியது. ஆனால் நடந்தது 50 மணிகூட இருந்திருக்காது. உண்மையான 50 போதும்.

ஒரு மாதம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. மார்ச். மற்ற மாதங்களில் 21-க்குப் பிறகு கதவு திறக்கும், மார்ச்சில் அடைத்துக்கொள்ளும். வருடக் கடைசி, 31-ம் தேதி குடோனில் நூல், துணி, ஆக்சஸரீஸ் என்று ஸ்டாக் எண்ணிக்கை, பார்ட்டிகளிடம் பேலன்ஸ் உறுதிக் கடிதம், ஏற்றுமதி கம்பெனி என்பதால் அடுத்த நிதியாண்டுக்கான எல்.யு.டி. (ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி) வேறு. மார்ச் 21-லிருந்து ஏப்ரல் 7 வரை தினம் அரை மணி நேரம் புத்தகத்தைத் தொட்டால் போதும். அதற்குப் பதிலாக இந்த பிப்ரவரிக் கடைசி வாரத்தை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் ரிசல்ட் வந்த வருத்தத்திலேயே இந்த வாரத்தைக் கழித்துவிடுவார்கள். உங்களுக்கு இது மிக நல்ல வாரம்.

பிப்ரவரி 21-லிருந்து ஜூன் முதல் வாரம் வரை, மார்ச் கெடுபிடியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 150 மணி நேரம் கையில் இருக்கிறது. இதை நான்கு பேப்பருக்கும் சமமாகப் பங்கு போட வேண்டாம். காஸ்ட் 50, டாக்ஸ் 50, ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் 30, சட்டம் 20. குறி காஸ்டில் 60-க்கு மேல், டாக்ஸில் 52, அக்கவுண்டிங்கில் 55, சட்டத்தில் இப்போது வாங்கியதே போதும். இது வந்தால் 210-ஐத் தாண்டுகிறோம். தவிர, 60 வாங்கிய பேப்பருக்கு எக்ஸம்ப்ஷன் கிடைக்கும். ஒருவேளை குரூப் கைநழுவினாலும் அந்த ஒன்றை மறுபடி எழுத வேண்டியதில்லை.

ஏன் காஸ்டைக் குறிவைக்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் தினமும் நடப்பது அந்தப் பாடம்தான். நிட்டிங் முடிந்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. ஜாப்வொர்க் டெலிவரி சலான் போடுகிறீர்கள். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கிறது. இவ்வளவு சதவீதம் ப்ராசஸ் லாஸ் என்று சாயப்பட்டறையோடு பேசி வைத்திருப்பீர்கள். அதற்கு மேல் போனால் பில்லில் கழிப்பீர்கள். இப்போது அதையே பரிட்சைக் கணக்காகப் பாருங்கள்.

1,000 கிலோ துணி, கிலோ 300 ரூபாய். மதிப்பு 3,00,000. சாயக் கூலி கிலோவுக்கு 80 வீதம் 80,000. மொத்தச் செலவு 3,80,000. வழக்கமான இழப்பு 5 சதவீதம், அதாவது 50 கிலோ. அதற்கு விற்பனை மதிப்பு எதுவும் இல்லை. அப்படியானால் வரவேண்டிய நல்ல துணி 950 கிலோ. 3,80,000-ஐ 950-ஆல் வகுத்தால் கிலோ 400 ரூபாய். ஆனால் உண்மையில் வந்தது 930 கிலோதான். அந்தக் கூடுதல் 20 கிலோ இழப்பு வழக்கத்துக்கு மாறானது. அதையும் 400 ரூபாய்க்கே மதிப்பிட்டு 8,000 ரூபாயைக் காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மீதி 3,72,000 அடுத்த ப்ராசஸுக்குப் போகும். நிறையப் பேர் 3,80,000-ஐ 930-ஆல் வகுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வழக்கமான இழப்பின் செலவை நல்ல துணி சுமக்கும், கவனக்குறைவால் வந்த இழப்பின் செலவை அது சுமக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். 8 வருஷமாக டையிங் பில் பாஸ் செய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கல்லூரியிலிருந்து நேரே வருகிற பிள்ளைகளுக்கு இது வெறும் சூத்திரம். நீங்கள் கண்ணால் பார்த்த விஷயம். ஓவர்ஹெட்டைப் பிரிப்பது, கூலி, பீஸ் ரேட், ஸ்டோர்ஸ் லெட்ஜர் எல்லாவற்றையும் இதே மாதிரி உங்கள் கம்பெனியின் ஒரு ஆர்டரை மனதில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். 48 எடுத்தவருக்கு 62 ஒரு தூரமே இல்லை.

டாக்ஸில் நிலைமை நேர் எதிர். ஜிஎஸ்டியிலேயே புரளுகிறவர் 46 வாங்கியிருக்கிறீர்கள் என்றால், ஆபீஸ் அனுபவம் அங்கே காலை வாரியிருக்கிறது என்று அர்த்தம். போர்ட்டலில் எந்தக் கட்டத்தில் எந்தத் தொகை என்பது உங்களுக்கு அத்துப்படி. பரிட்சையோ, இது ஒரே சப்ளையா, சேர்ந்த சப்ளையா, வரி எந்தத் தேதியில் எழுகிறது, எந்த இடத்தில் எழுகிறது, ஏன் என்று கேட்கிறது. 'ஏன்' எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். இன்னொன்று, அந்தப் பேப்பரில் பாதி நேரடி வரி. சம்பள வருமானம், வீட்டு வாடகை வருமானம், மூலதன ஆதாயம் எல்லாம் தனிநபர் கணக்கு. கம்பெனி அக்கவுண்டன்ட் கையில் அது முழுசாக வருவதில்லை. ஆகவே 50 மணியில் 30 மணியை நேரடி வரிக்கு ஒதுக்குங்கள். சுங்க வரிப் பகுதி சின்னது, ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் உங்களுக்கு எளிது. அதைக் கடைசியில் முடித்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் ஒரு எச்சரிக்கை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் வருகிறது. ஆபீஸில் நீங்கள் புதிய சட்டத்தின் பிரிவு எண்களுக்கு மாறிக்கொண்டிருப்பீர்கள். பரிட்சைக்கு எந்தச் சட்டம், எந்த ஆண்டுக்கான விதி பொருந்தும் என்பதை நம் காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் நிறுவனம் அதன் இணையதளத்தில் அறிவிக்கும். அதை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வருவதையோ, ஆடிட்டர் ஆபீஸ் நண்பர் சொல்வதையோ வைத்துப் படிக்காதீர்கள்.

ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் உங்களுக்கு வந்துவிட்டது. பார்ட்னர்ஷிப், கிளைக் கணக்கு மாதிரி டேலி சாஃப்ட்வேரில் தொடாத பகுதிகளைப் போட்டுப் பழகினால் போதும். சட்டத்தை மதிய இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு போட மேஜை வேண்டும், சட்டம் படிக்க ஒரு நாற்காலி போதும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கையால் எழுதி எத்தனை வருஷம் ஆகிறது? காலையிலிருந்து இரவு வரை டேலி, எக்ஸெல். கூட்டலை எக்ஸெல் பார்த்துக்கொள்ளும், பேலன்ஸ் ஷீட்டை டேலி போட்டுக்கொடுக்கும். பரிட்சை ஹாலில் பேனாவும் கால்குலேட்டரும்தான். முதல் பகுதியில் 15 அப்ஜெக்டிவ் கேள்விகள், ஒவ்வொன்றும் 2 மார்க், ஆக 30. அடுத்த பகுதியில் 7 கேள்வியில் 5-க்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 14 மார்க், ஆக 70. 3 மணி நேரத்தை 100 மார்க்குக்கு வகுத்தால் ஒரு 14 மார்க் கேள்விக்கு 25 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்குள் கேள்வியைப் படித்து, கட்டம் போட்டு, வொர்க்கிங் நோட் எழுதி, விடைக்கு வர வேண்டும். பழக்கமில்லாத கை இரண்டாவது மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும். கடைசிக் கேள்வி பாதியில் நிற்கும். உங்கள் 7 மார்க் அங்கேதான் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பரில் எந்தப் பேப்பரிலாவது கடைசிக் கேள்வியை அரைகுறையாக விட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஒரு விதி. வீடியோ வகுப்பு பார்த்த நேரத்தைப் படித்த நேரமாக எழுதாதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். நோட்டை எடுத்தால் முதல் வரியே வராது. ஏற்கெனவே இரண்டு முறை படித்த பாடத்துக்கு மறுபடி வகுப்பு தேவையில்லை. போனில் 25 நிமிடம் அலாரம் வைத்து ஒரு கேள்வியை எழுதிப் பார்த்தால் அது படிப்பு. நேரம் முடிந்ததும் அடிக்கோடு போடுங்கள். மிச்சத்தை வேறு நிறப் பேனாவில் முடியுங்கள். வேறு நிறத்தில் எழுதியது எவ்வளவு என்பதுதான் உங்கள் நிலவரம். கணக்கு தப்பானால் ஏன் தப்பானது என்று ஒரு தனி நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "வழக்கமான இழப்பைக் கழிக்காமல் வகுத்துவிட்டேன்" என்பது மாதிரி. 8 முதல் 20 வரை அந்த முக்கால் மணி நேரத்தில் புரட்ட வேண்டியது இந்த நோட்டைத்தான். நிறுவனத்தின் தளத்தில் பாடப் புத்தகம், பழைய கேள்விகளுக்கான விடை, மாதிரித் தேர்வுத் தாள் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றைத் தாண்டி எதற்கும் இப்போது பணம் செலவழிக்க வேண்டாம்.

காலை 4 மணியைக் கைவிடுங்கள். ஃபைலிங் நாளில் 9 மணிக்கு ஆபீஸை விட்டு, சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்து, பையனைத் தூங்க வைத்துப் படுக்கும்போது 11 மணி ஆகிவிடும். 4 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரத் தூக்கம். பத்து நாள் தாங்கும், பிறகு உடம்பு கேட்காது. கணக்குப் பாடத்தைத் தூக்கக் கலக்கத்தில் படித்துப் பிரயோசனமும் இல்லை. ஐந்தேகாலுக்கு எழுந்து ஐந்தரைக்கு உட்கார்ந்து, ஆறே முக்காலுக்கு எழுந்தால் உங்கள் ஒன்றே கால் மணி நேரம் முடிந்தது. சமையலுக்கும் பையனை ஸ்கூலுக்குக் கிளப்பவும் அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது. முதல் நாள் இரவே எந்தக் கணக்கு என்று முடிவு செய்து, நோட்டைத் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் எதைப் படிக்கலாம் என்று புரட்ட ஆரம்பித்தால் கால் மணி நேரம் அதிலேயே போய்விடும்.

வீட்டில் "இதோடு போதும்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். "நான் படிக்க வேண்டும்" என்று நீங்கள் சொல்லும்போது, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எல்லை தெரியாத சுமைக்கு யாரும் மனமுவந்து தோள் கொடுக்க மாட்டார்கள். அத்தையிடம் தேதி சொல்லிக் கேளுங்கள். "அத்தை, 21-லிருந்து மாசக் கடைசி வரைக்கும் காலைல ஏழு மணி வரைக்கும் அடுப்படி உங்க பொறுப்பு, மத்த நாள் நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னால் அது ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சு. கணவரிடம் ஞாயிறு மதியம் 2 மணி நேரம் பையனைப் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். மே மாதம் ஸ்கூல் லீவு. அந்த 21-க்குப் பிறகு பத்து நாள் பையனை உங்கள் அம்மா வீட்டில் விட முடிந்தால், இந்த நாலு மாதத்தில் உங்களுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய உதவி அதுதான். மார்க் ஷீட்டையும் எடுத்துக் காட்டுங்கள். பாஸுக்குத் தேவையான 200-இல் 193 வந்துவிட்டது என்று அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கிறார்களா?

ஆபீஸிலும் பேச வேண்டும், அதுவும் ஏப்ரலிலேயே. பரிட்சை பொதுவாக ஜூன் 10-ஐ ஒட்டித் தொடங்கி ஒரு வாரத்துக்குமேல் நடக்கும். உங்கள் டியூ டேட்டில் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூடவே அட்வான்ஸ் டாக்ஸின் முதல் தவணை எல்லாம் அதே வாரத்தில் வந்து விழுகின்றன. ஜூன் முதல் தேதி போய் மேனேஜரிடம் லீவு கேட்டால் அவர் முகம் மாறத்தான் செய்யும். ஏப்ரலில் போய், யார் எதைப் பார்ப்பது என்று எழுதியே கொடுங்கள். ஜிஎஸ்டிஆர்-1-க்கு விற்பனை இன்வாய்ஸ் போதும், 2பி-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மே மாதத்து இன்வாய்ஸை அன்றன்றே சரிபார்த்துக்கொண்டு வந்தால் ஜூன் 4-ம் தேதிக்குள் நீங்களே ஃபைல் செய்துவிட்டு லீவில் போகலாம். ஓ.டி.பி. முதலாளி போனுக்குத்தான் போகும் என்றால், அவர் ஊரில் இருக்கும் நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானை ஜூனியரிடம் மே மாதமே ஒரு தடவை செய்ய விட்டுப் பழக்குங்கள். 3பி 20-ம் தேதி. அதற்குள் பரிட்சை முடிந்து திரும்பிவிடுவீர்கள், அதை நீங்களே போடலாம். லீவு ஜூன் 5-லிருந்து வேண்டும். அண்மைத் தேர்வுகளில் இரண்டு குரூப்பின் பேப்பரும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதால், ஒரு குரூப் மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பேப்பருக்குப் பேப்பர் ஒரு நாள் இடைவெளி கிடைத்தது. அந்த நாட்களில் "சும்மா அரை நாள் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு பேப்பரின் விதியை மாற்றக்கூடியது.

வேலையை விடுவது பற்றி. முழுநேரமாகப் படித்தால் நிறையப் படிக்கலாம் என்று தோன்றும். ஆனால் வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் பகல் நேரம் அவளுடையதாக இருப்பதில்லை. "நீதான் வீட்டில இருக்கியே" என்ற ஒரு வார்த்தையில் அது கரைந்துபோகும். சம்பளம் நின்றதும் அடுத்த பரிட்சைக் கட்டணத்துக்கே தயக்கம் வரும். அதோடு, மேலே சொன்ன சாயப்பட்டறைக் கணக்கைப் போல, உங்கள் வேலைதான் உங்களுக்குப் பாதிப் பாடம் சொல்லித்தருகிறது.

பையனுக்குக் காய்ச்சல் வரும், ஷிப்மென்ட் நெருக்கடி வரும், 21-க்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் போய்விடும். போன நாளின் மணி நேரத்தை அடுத்த நாளில் ஏற்றாதீர்கள். அந்த மாதக் கணக்கை அந்த மாதக் கடைசியோடு மூடிவிடுங்கள். 50-க்கு 40 நடந்தால் 40 என்று எழுதிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போங்கள்.

இரண்டாவது குரூப்பைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். ஜூன் பரிட்சை முடிந்ததும் ஒரு வாரம் ஓய்வு எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஜூலையில் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கை எடுங்கள். காஸ்ட் சூட்டோடு அது எளிதாக வரும். ஆனால் டிசம்பர் பாதையில் செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் குறுக்கே வரும். அந்தக் கெடுவை நீட்டித்தால் சந்தோஷப்பட வேண்டாம். போன வருஷம் நவம்பர் 10 வரை போனது. வேலை பரிட்சைப் பக்கமாகத் தள்ளிவந்ததுதான் மிச்சம். நீட்டித்தாலும் உங்கள் பங்கைச் செப்டம்பரிலேயே முடித்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. போனஸ் பட்டுவாடா முடிந்து கம்பெனி மூடியிருக்கும் அந்த நாட்கள் டிசம்பர் பரிட்சைக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால் வருகின்றன.

ஏப்ரல் 20-ம் தேதி 3பி போட்டு முடித்ததும், காஸ்டில் ஒரு மாதிரித் தாளை 3 மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டு நிறப் பேனாவோடு அப்படியே ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள். திருத்தி அனுப்புகிறேன். மே மாதத்து 50 மணி நேரத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்துச் சொல்கிறேன்.